கரீம் அண்ணைக்கு எல்லாமே திருப்தி

செவ்வாய்க்கிழமை காலை மேல்மாடி நஸ்ரின் வந்து கதவைத் தட்டினாள். "அக்கா, அவர் போயிட்டார்" என்றாள். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் கட்டடத்தில் இருந்தவர்களுக்கும், தமிழ்க்கடையில் இஞ்சி வாங்கும்போது அவரைக் கண்டவர்களுக்கும் அவள் கணவர் கரீம் அண்ணையைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் குர்திஷ் இனத்தவர். ஈரான்–ஈராக் யுத்தத்தில் அவருடைய ஊரில் நச்சுவாயுக் குண்டு போட்டார்கள். அன்று வெந்த நுரையீரலோடுதான் இங்கே வந்தார். நாலாம் மாடிக்கு ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று கதவுகளில் உள்ள பெயர்களை வாசிப்பார். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான். "இந்தக் கட்டடத்திலை எல்லாற்றை பேரும் எனக்குப் பாடம், அக்கா" என்று சிரிப்பார். எங்கள் இருவருக்கும் அரைகுறை ஜெர்மன்தான். ஆனாலும் அவர் பேசியதெல்லாம் என் காதில் தமிழாகவே நிற்கிறது.

இங்கே உலகக் கிண்ணப் போட்டி நடந்த கோடையில், தோளில் கொண்டு திரியும் ஒட்சிசன் கருவிக்கு விண்ணப்பித்தார். மருத்துவக் காப்புறுதிக்காரர் ஒரு டொக்டரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அண்ணை கோட்டுப் போட்டு, தேத்தண்ணி கொடுத்து, "நல்லா இருக்கிறன், நன்றி. உங்கடை வைத்தியத்திலை ஒரு குறையுமில்லை" என்றாராம். டொக்டர் அதை அப்படியே எழுதிவிட்டார். கருவி தேவையில்லை என்று கடிதம் வந்தது.

நான் ஏசினேன். "என்ன அண்ணை, மாப்பிள்ளை பார்க்கவே வந்தவர்? மூச்சு விட ஏலாது எண்டு சொன்னால் வாய் நோகுமோ?"

"வீட்டுக்கு வந்த மனுசனிட்டை எப்பிடி அக்கா குறை சொல்லுறது? அண்டைக்கு ஊரிலை வாயு பட்ட எங்களைத் தொடவே எல்லாரும் பயந்தவை. இஞ்சை முதல் நாள் ஒரு நேர்ஸ் கையுறையைக் கழட்டிப்போட்டு என்ரை கையைப் பிடிச்சவ. எனக்கு எல்லாம் திருப்தி."

எனக்குத் திருப்தியில்லை. என் மகளைக் கொண்டு மறுத்து எழுதுவித்தேன். இரண்டாம் முறை வேறொரு டொக்டர் வந்தபோது பக்கத்திலேயே இருந்தேன். அண்ணை வாய் திறக்க முன்னர் சொன்னேன்: "இவரைக் கேளாதேங்கோ, பொய் சொல்லுவார். படியிலை ஏறச் சொல்லிப் பாருங்கோ."

மூவரும் கீழே இறங்கி ஏறினோம். இரண்டாம் மாடியில் அண்ணை பெயர் வாசிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டொக்டர் அவரருகே படியில் உட்கார்ந்தார். மூச்சு வந்ததும் அண்ணை சொன்ன முதல் வார்த்தை: "மன்னியுங்கோ, உங்கடை தேத்தண்ணி ஆறப்போகுது."

கருவி வந்தது. அடுத்த கோடையில் எங்களோடு ஊன்ட்றொப்பில் உள்ள தமிழ்க் கோவிலின் தேர் பார்க்க வந்து, கால்வாய்க் கரையோரம் நெடுந்தூரம் நடந்தார்.

அந்த முதல் டொக்டரை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் நேற்று என் முழங்காலைப் பார்த்த டொக்டரிடம் நோவை ஒன்றும் விடாமல் சொல்லி முடித்து, எழும்பும்போது அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அது என் பழக்கமில்லை. கரீம் அண்ணையுடையது.