இல்லாத பேராசிரியரின் திருநாள்

எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீர் ஆய்வுத் துறை என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கட்டடம் இல்லை, மாணவர்கள் இல்லை. ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பிறந்ததில்லை. கம்ப்யூட்டருக்குள் மட்டுமே இயங்கும் அந்தத் துறையைக் கட்டியவர் தோப்ரிலா. நெட்வொர்க் பிரிவின் தலைவி, வயது ஐம்பத்து மூன்று, மொராவா ஆற்றுக்கு அக்கரையில் வீடு. பேசும்போது கையில் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பார். பேனா மூடியோ மூக்குக் கண்ணாடியோ, எது கிடைத்தாலும் சரி.

போன வருஷம் ஜூன் மாதம், நுழைவுத் தேர்வு வாரத்தில், யாரோ உள்ளே புகுந்து பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர்களை மொத்தமாகப் பூட்டிவிட்டார்கள். விண்ணப்பங்கள், மதிப்பெண்கள், வினாத்தாள்கள் எல்லாம் போயின. தேர்வை இன்னொரு முறை நடத்த வேண்டியதாயிற்று. வாசலில் ஒரு தாய் தோப்ரிலாவை மறித்துக்கொண்டார்.

“என் பொண்ணு ராத்திரி பகலா படிச்சு எழுதினதை மறுபடி எழுதணுமா? நீங்கல்லாம் அங்க உக்காந்து என்னத்தக் கிழிக்கிறீங்க?”

அதற்கப்புறம் அந்த வாரம் முழுவதும் தோப்ரிலா பின்வாசல் வழியாகவே போய் வந்தார். எல்லா இயந்திரங்களையும் துடைத்தாயிற்று, பாஸ்வேர்டுகளை மாற்றியாயிற்று. ஆனால் திருடன் எந்த வழியாக வந்தான் என்பது மட்டும் தெரியவில்லை. அது தெரியாதவரை அடுத்த ஜூனிலும் அதே வழியாக வருவான்.

“கதவு எங்க இருக்குன்னே தெரியாம பூட்டு வாங்கி என்ன செய்ய?” என்று துணைவேந்தருக்கு அடுத்த நிலையில் இருந்த பேராசிரியர் புதிமிரிடம் கேட்டார்.

அப்படித்தான் பொய்த் துறை யோசனை பிறந்தது. நிஜ வேலை உள்ள யாரும் அங்கே போகப் போவதில்லை. ஆகவே காலடி வைப்பவன் திருடன். அவன் உள்ளே உட்கார்ந்து மேய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில், அவன் தடத்தைப் பிடித்து ஒவ்வொரு இயந்திரமாகப் பின்னோக்கி நடந்தால் கதவுக்குப் போய்ச் சேரலாம். அவன் எழுந்துபோய்விட்டால் தடமும் அழிந்துவிடும்.

புதிமிர் கழித்துப்போட்ட சில கம்ப்யூட்டர்களைக் கொடுத்தார். “ஜனவரி முடியுற வரைக்கும்தாம்மா. அப்புறம் அதெல்லாம் பரீட்சை ஹாலுக்குப் போகுது. நானும் மேல பதில் சொல்லணும்ல?”

முதலில் கட்டியது மண்ணியல் துறை. அதிலும் ஒன்பது பேர்தான். காலை எட்டு மணிக்கு ஒன்பது பேரும் கம்ப்யூட்டரைத் திறப்பார்கள், நாலு மணிக்கு மூடுவார்கள். டிசம்பர் பத்தொன்பது, புனித நிக்கோலா நாள். ஊரில் பாதி வீடுகளுக்கு அன்றுதான் ஸ்லவா. வீட்டுப் புனிதரின் திருநாள் என்றால் வேலைக்கு யார் வருவார்கள்? ஸ்லவா இல்லாதவர்கள் இருப்பவர்கள் வீட்டில் மீன் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பல்கலைக்கழகம் வெறிச்சோடிக் கிடந்த அந்த நாளில் திருடன் வந்தான். தோப்ரிலா தடத்தைப் பிடித்து நூலகக் கம்ப்யூட்டர்வரை போனார். அதற்குள் அவன் எழுந்து போய்விட்டான். போகும்போது ஒரு வரி எழுதி வைத்திருந்தான்.

“நிக்கோலா நாளன்னிக்கு ஒன்பது பேரும் டாண்ணு வேலைக்கு வந்துட்டீங்களே, ஒருத்தர் வீட்லயும் ஸ்லவா இல்லையா? பாவம்!”

உடன் வேலை செய்யும் ஸ்வெஸ்தான் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். “மானத்தை வாங்கிட்டான் அக்கா! நாம இத்தனை நாளா ஜெர்மன்காரனையா செஞ்சு வச்சோம்?”

தோப்ரிலா பேனா மூடியைக் கழற்றினார். “சிரிக்காத. ரெண்டு விஷயத்தை அவனே சொல்லிட்டுப் போயிருக்கான். ஒண்ணு, அவன் நம்ம ஆளு. இன்னொண்ணு, ஸ்லவான்னா ஆபீஸ் காலியா இருக்கும்னு பார்த்து வர்றான்.”

மண்ணியல் துறையை அன்றே கலைத்தார். நெட்வொர்க்கின் இன்னொரு மூலையில் வேறு ஒன்பது பேரோடு நிலத்தடி நீர்த் துறை எழுந்தது. இந்த முறை மனிதர்களைச் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்திருந்தார்.

“எனக்குச் சண்டை வேணும்” என்றார் ஸ்வெஸ்தானிடம்.

“சண்டையா? எங்க மாடிக்கு வாங்க, கூடை கூடையா அள்ளித் தர்றேன்.”

அள்ளித்தான் கொடுத்தார். காபி மெஷினைக் கழுவாமல் போனது யார், ஹீட்டரைக் கூட்டி வைத்தது யார், கார் நிறுத்தும் இடத்தில் பிறத்தியார் கார் எப்படி வந்தது. இவையெல்லாம் பெயர் மாறி மெயில்களாயின. பெர்சிதா என்ற ஆய்வாளர் தினமும் தாமதமாக வந்தார். ஒருவர் வெள்ளிக்கிழமை மத்தியானமே காணாமல் போனார். எல்லோருக்கும் ஆளுக்கொரு ஸ்லவா. நுழைவுத் தேர்வு வினாத்தாள் பொறுப்பாளர் என்று காட்டப்பட்ட பேராசிரியர் க்வோஸ்தனுக்கு மட்டும் ஜனவரி இருபது, புனித யோவான் நாள்.

“உங்க வீட்டு ஸ்லவாவும் அன்னிக்குத்தானே?” என்றார் ஸ்வெஸ்தான்.

“அதுக்காகத்தான் அந்த நாள். அன்னிக்கு நான் அடுப்படியில நிப்பேன்னு இந்த ஊருக்கே தெரியும். அவனுக்கும் தெரியட்டும்.”

ஸ்லவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை, வருகிறவர்கள் வருவார்கள். அன்று தோப்ரிலா வீட்டுக்கு நானும் போயிருந்தேன். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. வாசலில் காலணிகள் குவிந்து கதவை மூட முடியாமல் கிடந்தது. கணவர் திஹொமிர் ரக்கியா என்ற பழச் சாராயத்தை ஊற்றியபடி ஒவ்வொரு மேசையாக நகர்ந்தார். அடுப்படியில் ரொட்டிப் பெட்டியின் மேல் லேப்டாப். அதன் பக்கத்தில், கோஸ் இலையில் கறியைச் சுருட்டிய சார்மா கொதிக்கும் பானை.

“தோப்ரிலா, விருந்தாளிங்க வந்து உக்காந்திருக்காங்க, நீ டிவி பாக்குறியா?” கணவரின் அக்கா ஸ்தாமெனா கரண்டியோடு வந்து நின்றார். ஒரு சார்மாவைப் பிட்டு வாயில் போட்டார். “உப்பு ஜாஸ்தி.”

“இருக்கட்டும்க்கா, ரக்கியா குடிச்சா சரியாயிடும்” என்று சொன்னபடியே தோப்ரிலா குனிந்தார். திரையில் க்வோஸ்தனின் கம்ப்யூட்டரை யாரோ திறந்திருந்தார்கள்.

ஸ்வெஸ்தான் பல்கலைக்கழகத்தில் விளக்கைப் போடாமல் காத்திருந்தார். இருவருக்கும் இடையே போன் திறந்தே கிடந்தது.

“வந்துட்டான் அக்கா. மறுபடியும் லைப்ரரி வழியாத்தான்.”

“அதுக்குப் பின்னால போ.”

விருந்துக்கு வந்திருந்த புதிமிர் விஷயம் தெரிந்து அடுப்படிக்குள் நுழைந்தார். கையில் குடிக்காத கோப்பை. “வயரைப் புடுங்கச் சொல்லுங்க. உடனே!”

“மாட்டேன் சார்.”

“நிஜ சர்வருக்குத் தாவிட்டான்னா? மறுபடியும் ஜூன் மாசக் கூத்தா?”

“தாவினா ஸ்வெஸ்தான் அறுத்துடுவார். இப்ப புடுங்கினா கதவு தெரியாது. கதவு தெரியலைன்னா அந்தக் கூத்து கண்டிப்பா வரும்.”

“நடந்தா உங்க தலைதான் உருளும்.”

“உருளட்டும் சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பானை சுடும்.”

திருடன் மெயில்களை மேய்ந்தான். காபி மெஷின் சண்டையை ஒன்று விடாமல் படித்தான். அந்த நேரத்தில் ஸ்வெஸ்தான் நூலகத்திலிருந்து கேன்டீன் கார்டு மெஷினுக்குப் போய்ச் சேர்ந்தார். பிறகு திருடன் வினாத்தாள் கோப்பைத் தொட்டான். அது பூட்டியிருந்தது. அவன் அசையவில்லை.

“கெளம்பப் போறான் அக்கா,” ஸ்வெஸ்தானின் குரல் இறங்கியது. “எனக்கு இன்னும் நேரம் வேணும்.”

தோப்ரிலா மாவுக் கையைக்கூடத் துடைக்கவில்லை. வீட்டிலிருக்கும் க்வோஸ்தன் பெர்சிதாவுக்கு எழுதுவதாக ஒரு மெயில் அடித்தார். “இங்கே நிற்க இடமில்லை. அக்கா சார்மாவில் உப்பு ஜாஸ்தி என்று மானத்தை வாங்குகிறாள். வினாத்தாள் பாஸ்வேர்டு கேட்டாயே, கை முழுக்க மாவு, கழுவிவிட்டு அனுப்புகிறேன். எங்கேயும் போய்விடாதே.”

திருடன் அந்த மெயிலைத் திறந்தான். போகவில்லை. உட்கார்ந்து காத்திருந்தான்.

கூடத்தில் யாரோ பாட ஆரம்பித்தார்கள். திஹொமிர் எட்டிப் பார்த்து, “பாதிரியார் வந்துட்டார்மா, ஸ்லவா ரொட்டி வெட்டணும்” என்றார். தோப்ரிலா திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினார். பாதிரியாரும் காத்திருந்தார்.

போனில் ஸ்வெஸ்தான் ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு கதவு, ஒரு கெட்ட வார்த்தை.

“கொதிகலன் ரூம் அக்கா! சூட்டைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி. ரிப்பேர்க்காரர் வீட்லேர்ந்தே பாக்கறதுக்கு ஒரு லைன் போட்டு வச்சிருக்காங்க. பாஸ்வேர்டு கடையில வாங்குனப்ப என்ன இருந்துச்சோ அதேதான்!”

“கை வயர்ல இருக்கா?”

“இருக்கு.”

“இப்ப எடு.”

திரை அப்படியே நின்றது. தோப்ரிலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார். புதிமிர் கையிலிருந்த கோப்பையை ஒரே மடக்கில் காலி செய்துவிட்டு, “அந்த மெஷினெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றார்.

ஸ்தாமெனா அதற்குள் திரையை எட்டிப் படித்திருந்தார். “யாரும்மா இந்த க்வோஸ்தன்? உப்பு ஜாஸ்தின்னு சொன்னது நானு. என் பேரைப் போடாம ஊருக்கே எழுதியிருக்கான்!”

“கூட வேலை பாக்கிறவர்க்கா.”

“கல்யாணம் ஆயிடுச்சா?”

“இன்னும் இல்ல.”

“அதான், வெக்கங்கெட்டவன்.”

திருடன் யார் என்பது இன்றுவரை தெரியாது, போலீஸ் தேடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெட்டிக்கு இப்போது வெளியிலிருந்து வழியில்லை. ரிப்பேர்க்காரர் பஸ் பிடித்து நேரில் வருகிறார், வழியெல்லாம் திட்டிக்கொண்டு. அடுத்து வந்த ஜூனில் நுழைவுத் தேர்வு ஒரே முறைதான் நடந்தது. அந்த வாரம் முழுவதும் தோப்ரிலா வாசல் வழியாகவே போய் வந்தார், பின்வாசலைத் தேடவில்லை.

நிலத்தடி நீர்த் துறையை அவர் கலைக்கவில்லை. ஒன்பது பேரின் மெயில்களும் கோப்புகளும் புதுப் பெயர்களில் இன்னொரு மூலைக்குப் போயின. இன்னொரு கதவு இருக்கும் என்கிறார், இருந்தே தீரும். ஸ்தாமெனா வீட்டுக்கு வரும்போதெல்லாம் தோப்ரிலா லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “அக்கா, புதுசா யார்கூடச் சண்டை?” என்று கேட்கிறார்.