மூன்றாம் வரிக்குப் பிறகு ஒரு மூச்சு

ஓர்கன், பியானோ திருத்துகிறவனை ஆட்கள் கூப்பிடுவது பாதி நேரம் திருத்துவதற்கல்ல, "இனி இதைத் திருத்த ஏலாது" என்று அவன் வாயால் சொல்லவைப்பதற்கு. பிறகு யாராவது கோபித்தால் பழியைப் போட ஓர் ஆள் வேண்டுமல்லவா? நீங்களும் மணிக்கூடு, ஃபிரிட்ஜ், பல் என்று எதையாவது திருத்திப் பிழைக்கிறவர் என்றால் நான் சொல்வது விளங்கும். மற்றவர்கள் கொஞ்சம் அனுதாபத்துடன் வாசியுங்கள்.

கடிதம் கேட்டார்கள்

வெள்ளவத்தையில் இருக்கும் என்னைக் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னத் தேவாலயத்துக்கு வரச் சொன்னார்கள். பாடகர்கள் நிற்கும் மாடத்தில், ஆளுயரக் குழாய்கள் வைத்த பழைய ஓர்கன் ஒன்று. கடற்காற்றில் ஊறிப்போய்ச் சில கட்டைகள் மழைக்காலத்தில் அமத்தினால் எழும்பாது. ஒரு குழாய் பிரசங்கத்தின் நடுவில் யாரும் கேட்காமலே முனகும். பார்த்த உடனே எனக்கு அதைப் பிடித்துவிட்டது. தொழிலுக்கு அது நல்லதில்லை.

பங்குத்தந்தை மன்னாரிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சபையில் பாதிப் பேர் திருத்துவோம் என்கிறார்களாம். மற்றப் பாதி, மின்சார ஓர்கன் ஒன்றை வாங்கிக்கொண்டு இதைக் கழற்றிவிடுவோம் என்கிறார்களாம். இரண்டு பக்கமும் தலையாட்டி மனிதர் களைத்துப்போயிருந்தார். என்னிடம் ஒரு கடிதம் கேட்டார். "நீங்க எழுதிறதைத்தான் செய்வம். எங்களுக்குப் பாடத் தெரியும், இதுக்குள்ள என்ன இருக்கெண்டு தெரியாது."

பின்பக்கத்துக் கைப்பிடி

ஓர்கன் வாசிப்பவர் றெஜினா அக்கா. இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் என்னை ஓர்கனின் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே குழாய்களுக்குக் காற்றுக் கொடுக்கும் பெரிய தோல் துருத்தி இருந்தது. பக்கத்தில் ஒரு மரக் கைப்பிடி. மோட்டார் பூட்டுவதற்கு முன் பூசை முழுக்க யாராவது அந்தக் கைப்பிடியை மேலும் கீழும் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முப்பது வருஷம் அதைச் செய்தவர் அவருடைய கணவர் அன்ரன். கிழமை நாட்களில் துறைமுகத்தில் வேலை, ஞாயிறுகளில் இந்த மூலையில் வேலை. கைப்பிடி அவர் பிடித்த இடத்தில் மெலிந்து பளபளத்தது.

அவருடைய தோள் இயலாமல் போனபோதுதான் மோட்டார் பூட்டினார்களாம். அடுத்த வருஷமே ஆள் போய்விட்டார். றெஜினா அக்கா இதையெல்லாம் கடைச் சாமான் பட்டியல் வாசிப்பதுபோலச் சொல்லிவிட்டு, ஃபிளாஸ்கிலிருந்து எனக்குப் பிளேன்ரீ ஊற்றினார். எனக்கு மனம் இளகிவிட்டது. உங்களுக்குச் சாதகமாகவே எழுதுகிறேன் அக்கா என்று வாய்விட்டேன். அவர் கோப்பையை என் கையில் தந்தார். "எனக்காக ஒண்டும் எழுதாதேங்கோ தம்பி. இருக்கிறதை எழுதுங்கோ."

நான் எழுதியது

இரண்டு ஞாயிறு பூசையில் இருந்து கேட்டேன். ஒட்டுகிற கட்டைகளும் முனகுகிற குழாயும் சில்லறைப் பழுதுகள். பெரிய பழுது வேறு. மாதா பாட்டில் மூன்றாம் வரி முடிந்ததும் ஓர்கன் அப்படியே நின்றுபோகும். ஒரு மூச்சு நேரம் கழித்துத்தான் நாலாம் வரி வரும். ஒவ்வொரு சரணத்திலும் அதே இடத்தில் இப்படித்தான். எங்கள் தொழிலில் இதற்கு ஒரே அர்த்தம்: துருத்தித் தோல் கிழிந்து காற்று தீர்ந்துபோகிறது.

துருத்தியை முறையாகத் திறக்க மூன்று நாள் வேண்டும். நான் காதை நம்பினேன். டோர்ச் அடித்துப் பார்த்ததில் ஒரு மூலையில் வெடிப்புத் தெரிந்தது, எனக்கு அது போதும். துருத்தி முடிந்துவிட்டது, ஓர்கனையே மாற்றுவது நல்லது என்று எழுதிக் கொடுத்தேன். றெஜினா அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பக்கக் கதவால் வெளியேறப் பார்த்தேன். பங்குத்தந்தை கடிதத்தை இரண்டு தரம் வாசித்து நிம்மதியாக மடித்தார். "நல்லதாப் போச்சு. இனி நான் ஒருத்தரோடயும் பகைக்கத் தேவையில்லை."

கடைக்காரரின் ஞாயிறு

வாங்குவதற்கு முன் வாசித்துப் பாருங்கள் என்று ஒரு கடை மின்சார ஓர்கனை ஒரு ஞாயிறுக்குக் கொடுத்தது. வாசிக்கவும் தன் ஆளையே அனுப்பியது. நானும் கேட்கப் போயிருந்தேன். நல்ல வாசிப்பு, குறை சொல்ல முடியாது. மாதா பாட்டு வரும்வரைக்கும் எல்லாம் சரியாகப் போனது.

மூன்றாம் வரி முடிந்தது. முழுத் தேவாலயமும் நின்று மூச்செடுத்தது. ஓர்கன் நிற்கவில்லை, நாலாம் வரிக்குள் போய்விட்டது. சனம் துரத்திப் பிடிப்பதற்குள் அது அடுத்த சரணத்துக்குப் போய்விட்டது. அங்கேயும் மூன்றாம் வரியில் எல்லாரும் திரும்ப நின்றார்கள். வாசித்த மனிதர் வியர்த்து விறுவிறுத்துப்போனார்; கடைசியில் பாட்டு ஓர்கன் ஒருபக்கமும் சனம் ஒருபக்கமுமாக முடிந்தது. பூசை முடிந்து வாசலில் நின்ற பங்குத்தந்தை, ஏன் எல்லாரும் ஒன்றாகப் பிழைவிட்டீர்கள் என்று கேட்டார். மீன் வியாபாரம் செய்யும் ஒரு அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டே பதில் சொன்னார். "நாங்க பிழை விடேல்ல பாதர். அது மூச்சு எடுக்கிற இடம். அந்தப் பெட்டிக்குத்தான் தெரியேல்ல."

கை மாற்றும் இடம்

மேலே மாடத்துக்குப் போனேன். றெஜினா அக்கா மூடிய பழைய ஓர்கனின் முன்னால் இருந்தார். என் கடிதத்தில் இருந்ததைப் பங்குத்தந்தை அன்றைக்குத்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறார். அவர் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த மூச்சின் கதையைத்தான் சொன்னார்.

மாதா பாட்டு நீளமாம். மூன்றாம் வரியோடு அன்ரனுக்கு வலது கை ஓய்ந்துபோகுமாம். அந்த இடத்தில் அவர் இடது கைக்கு மாற்றுவார், காற்று ஒருகணம் விழும், இவர் விரலைத் தூக்கிக் காத்திருப்பார். முப்பது வருஷத்தில் சனமும் அப்படியே பழகிவிட்டது. ஆனால் இப்போது மோட்டார் இருக்கிறதே அக்கா, காற்று விழத் தேவையில்லையே என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு விளங்கத் தொடங்கிவிட்டது. "மோட்டர் கை மாத்தாது தம்பி. நான்தான் நிக்கிறன். அவருக்கு விட்ட இடத்தை எப்பிடி நிரப்பிறது?"

மாளிகாவத்தையில் தோல்

அவருடைய காத்திருப்பைக் கிழிந்த தோல் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத் தொழிலில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. பங்குத்தந்தையிடம் ஓடிப்போய், பிழை என்னுடையது, கடிதத்தைத் திருப்பித் தாருங்கள், மூன்று நாளும் தாருங்கள் என்றேன். நீண்ட பெருமூச்சு விட்டார், ஆனால் தந்தார். துருத்தியைத் திறந்து பார்த்தேன். மூலைத் தோல் மட்டும்தான் வெடித்திருந்தது. மற்றதெல்லாம் நல்ல திடம். திருத்தலாம் என்று புதுக்கடிதம் எழுதினேன். அந்த ஞாயிறு பட்ட பாட்டுக்குப் பிறகு சபையில் ஒருவரும் எதிர்க்கவில்லை.

மெல்லிய ஆட்டுத்தோலுக்கு மாளிகாவத்தையில் தோல் விற்கும் நிசாம் நானாவிடம் போனேன். எதற்கு என்று விசாரித்தார், சொன்னேன். முன்னால் விரித்த தோலைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போய் வேறு கட்டு எடுத்து வந்தார். "எங்கட பள்ளிவாசல்ல மைக் நிண்டுபோனா எங்களுக்கும் இப்பிடித்தான் இரிக்கும். இதில பாத்து எடுங்க."

திருத்திய பிறகு

திருத்திய பிறகு வந்த முதல் ஞாயிறு நான் பின்பக்கம், கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றேன். துருத்தி நிறையக் காற்றோடு இருந்தது. பாட்டு முழுவதையும் நிற்காமல் வாசிக்கலாம். அதை அக்காவிடம் முதல்நாளே சொல்லியும் இருந்தேன். மூன்றாம் வரி முடிந்தது. அவர் விரல்களைத் தூக்கினார். கீழே எல்லாரும் மூச்செடுத்தது எனக்குக் கேட்டது. என் கை என்னை அறியாமல் அந்தக் கைப்பிடியில் இருந்தது. கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் அங்கே தேவையிருக்கவில்லை.

பூசை முடிந்து அக்கா மூடியை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இண்டைக்கு அவர் கொஞ்சம் கூடுதலா நேரம் எடுத்திட்டார், என்ன?"

இத்தனை வருஷமாக எத்தனையோ பழுதுகளைத் திருத்தியிருக்கிறேன், ஆனால் ஒன்றைத் திருத்தாமல் விட்டதற்காக எனக்கு மத்தியானச் சாப்பாடு போட்டது கொட்டாஞ்சேனையில் மட்டும்தான்.