பொங்கல் லீவில் பூட்டிய சமையலறை

நாலு வருடத்துக்கு முந்தைய பொங்கல். போடிப் பக்கம் ஒரு கல்லூரியில் மாணவியர் விடுதி வார்டனாக அப்போதுதான் சேர்ந்திருந்தேன். நான் கொஞ்சம் கறார் பேர்வழி. லீவு விட்ட அன்று பிள்ளைகளை விரட்டாத குறையாக ஊருக்கு அனுப்பி, சமையலறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

மாட்டுப்பொங்கல் அன்று, ராசிங்காபுரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குத் தூக்குவாளி நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு கிளம்பினேன். போடி பஸ் ஸ்டாண்டில் எங்கள் விடுதிப் பெண் ஒருத்தி பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளைக்கு முன்பே எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனவள்.

"என்னடி, ஊருக்குப் போகலையா?" என்று அதட்டினேன்.

"பஸ்சுக்கு நிக்கிறேன் மேடம்."

"மூணு நாளாவா?"

தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு விஷயம் மெதுவாகத்தான் வெளியே வந்தது. தாய் தகப்பன் இல்லை. வளர்ந்தது ஓர் இல்லத்தில். பதினெட்டு வயது முடிந்ததும் அங்கிருந்தும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

"லீவுன்னா ஜீப்புல போடிமெட்டு மலை ஏறிருவேன் மேடம். ஏலத் தோட்டத்துல காய் எடுக்கப் போனா, அங்கனயே சோறு போட்டு, படுக்க எடமும் குடுப்பாக. பொங்கலுக்கு அங்கயும் லீவு விட்டுட்டாக."

ராத்திரி எங்கே படுத்தாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தூக்குவாளியைத் திறந்து நீட்டினேன். "வேணாம் மேடம்" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அவள் அள்ளிச் சாப்பிட்டதைப் பார்க்கப் பார்க்க, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சாவி என் கைப்பையில்தானே கிடந்தது! அக்கா வீட்டுக்குப் போகவில்லை. அவளை நேரே விடுதிக்குக் கூட்டிப்போய், சமையலறையைத் திறந்து, நானே உலை வைத்தேன்.

லீவு முடிந்ததும் கல்லூரிச் செயலாளர் முன்னால் போய் நின்றேன்.

"ஒரு பிள்ளைக்காக லீவுலயும் அடுப்பெரிக்கணுமாம்மா?"

"வயித்துக்கு லீவு விட முடியுமா சார்? சமைக்க ஆளில்லேன்னா நான் சமைக்கிறேன். முடியாதுன்னா, சாவியை வேற ஆளுகிட்டக் குடுத்துருங்க."

முணுமுணுத்துக்கொண்டேதான் சம்மதித்தார்.

அந்த வருடத் தீபாவளி லீவுக்கு, 'சாப்பாடு உண்டு, காரணம் சொல்ல வேண்டாம்' என்று எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். ஒருத்திக்குத்தானே என்று ஒரு படி அரிசி கூடப் போடவில்லை. தட்டோடு வந்து நின்றது ஐந்து பேர். அதில் ஒருத்தி, ஒவ்வொரு லீவுக்கும் முன்னால் "எங்க அம்மா அதிரசம் சுட்டு வச்சிருக்கும்" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவள். அட பாவமே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். எல்லோருமாகச் சேர்ந்து மறுபடி உலை வைத்தோம்.

இப்போதெல்லாம் லீவு விட்டால் "ஊருக்கு எப்போ போற?" என்று நான் எந்தப் பிள்ளையையும் கேட்பதில்லை, "நாளைக்கு எத்தனை பேருக்கு உலை வைக்கணும்?" என்றுதான் கேட்கிறேன்.