சலவைச்சாலை காலியாகக் கிடந்ததாம்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இப்போது ஞாபகமும் தடுமாறுகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பிரான்சில், லாச்சப்பல் பகுதியில் ரயில் தண்டவாளங்களுக்குப் பின்னால் ஒரு பழைய சலவைச்சாலை இருக்கிறது. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து, அழுத்திக் கொடுத்த இடம். இப்போது அதற்கு வெள்ளையடித்து, அந்தக் காலத்துத் தொழிலின் பெருமையைக் காட்டுகிறோம் என்று சனத்துக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். நானும் அக்காவும் பார்க்கப் போனோம். அக்கா என் கூடப்பிறந்தவள் அல்ல, அங்கே என்னோடு வேலை செய்தவள்.

“செத்தவீட்டுக்குப் போற மாதிரி முகத்தை வைச்சிராதை, பிள்ளை. ஓசியிலை கோப்பி குடுக்கினமாம்” என்றாள் வழியில்.

உள்ளே சுவர் நிறையப் படங்கள். வெள்ளைத் தொப்பி போட்ட பிரெஞ்சுப் பெண்கள், குதிரை வண்டி, தாடி வைத்த முதலாளி. சுற்றிக்காட்டிய பெண் பிரெஞ்சில் விளக்கினாள். பிறகு தொழில் படுத்துவிட்டதாம். திருத்தும்வரை கட்டடம் பல வருடம் காலியாகக் கிடந்ததாம்.

காலியாகவாம். அந்த வருடங்களில்தான் நாங்கள் அங்கே நின்றோம். எல்லோரும் விசா இல்லாத பெண்கள். வெளிச்சம் தெருவுக்குத் தெரியக்கூடாது என்று கடைசி முதலாளி யன்னல்களுக்கு உள்பக்கம் மட்டை ஒட்டச் சொன்னான். ஒட்டியதும் நாங்கள்தான். பின்வாசலால் ஒவ்வொருவராகப் போவோம். ஈர விரிப்பின் நுனியை இரண்டு பேர் பிடித்துச் சூடான உருளைக்குள் கொடுக்க, மறுபக்கம் இரண்டு பேர் இழுத்து மடிப்பார்கள். நீராவியில் எதிரே நிற்பவளின் முகம் தெரியாது. அவன் ஊரை ஏய்க்க ஒட்டவைத்த மட்டையை இவர்கள் சரித்திரமாக எழுதி மாட்டிவிட்டார்கள்.

ஒருநாள் விரிப்பின் நுனி மடிந்துபோனது. நிமிர்த்தப் போன அக்காவின் இரண்டு விரலை உருளை எடுத்துவிட்டது. முதலாளி தன் காரில் ஏற்றி, ஆஸ்பத்திரித் தெருமுனையில் இறக்கிவிட்டான். வீட்டுக் கதவு நெரித்தது என்று சொல், இல்லாவிட்டால் பொலிஸ் வரும் என்றான். அவளும் அப்படியே சொன்னாள். அடுத்தநாள் காலை உருளையைத் துடைத்துவிட்டு எங்களை அதன் முன்னால் திரும்பவும் வேலைக்கு நிறுத்தினான்.

அதே உருளை இப்போது நடுக்கூடத்தில், கறுப்புப் பூச்சோடு, மேலே விளக்கோடு நிற்கிறது.

எனக்குத் தெரியாத ஆட்களோடு பேச வாய் வராது. பாண் கடையிலும் விரலால்தான் காட்டுவேன். அன்று எப்படியோ என் உடைந்த பிரெஞ்சில், “நாங்கள் இங்கே வேலை செய்தோம், மடாம்” என்றேன்.

அவள் மரியாதையாகச் சிரித்தாள். “அது வேறு கட்டடமாக இருக்கும், மடாம். இது பூட்டிக் கிடந்தது.”

அக்கா உருளைக்குக் கிட்டப் போனாள். கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்து, விரல் இல்லாத இடத்தை உருளையின் வாயில் வைத்துக் காட்டினாள்.

அந்தப் பெண் ஓடி வந்தாள். “தொடாதீர்கள், மடாம். பழைய பொருள், பழுதாகிவிடும்.”

அக்கா கையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கோப்பியும் குடிக்காமல் வெளியே வந்தோம்.

“அப்ப ஒருத்தரும் தொடாதை எண்டு சொல்லேல்லை” என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“விடு, பிள்ளை. இனி ஆருக்குத் தெரியும்?”

“உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அங்கை நிண்ட மிச்ச ஆக்கள் எல்லாரும் செத்துப்போச்சினமோ?”

அவள் எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

அங்கே நின்ற யாராவது இதை வாசித்தால், நான் எழுதியதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். எந்த வருடம் வேலை நின்றது? அக்காவுக்கு அடிபட்டது மாரியிலா, வசந்தத்திலா? அவளைக் கேட்டால் மறந்துபோச்சு என்கிறாள். அது பொய். பிழை இருந்தால் திருத்துங்கள். திருத்திய எழுத்தை எடுத்துக்கொண்டு நான் அந்தப் பெண்ணிடம் திரும்பப் போகவேண்டும்.