எட்டாம் கட்டம்

பழைய டிவி கேம் ஆடும் நாற்பது பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். மாதம் ஒரு கேம். ஒரே லைஃபில் எட்டுக் கட்டத்தையும் முடித்து, திரையைப் படம் எடுத்துப் போட வேண்டும். அதில் ஒரு வயர்மேனும் இருந்தார். இந்த மாதப் போட்டிக்கு ஞாயிறு மாலை ஆறு மணிதான் கெடு.

அவருடைய கன்சோல் பள்ளி நாளில் வாங்கியது. கேசட்டின் மேலே 9999 கேம் என்று போட்டிருக்கும், உள்ளே ஏழுதான். அதே ஏழுதான் சுற்றிச் சுற்றி வரும். அந்தக் கேசட்டில் ஆட்டத்தைச் சேமிக்க வழியில்லை. அணைத்தால் மறுபடி முதலிலிருந்துதான். அதனால் வேலைக்குப் போகும்போது ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனைப் போட்டுவிட்டு, பெட்டியை ஓடவிட்டே போவார். நான்கு நாளாக அணைக்கவில்லை. ஏழாம் கட்டம் முடியும் தறுவாயில் நின்றது.

ஏழாம் கட்டத்தை அவருடைய கூட்டாளி ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை. "எட்டுல அப்படி என்னதான்டா இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். இருவரும் ஒன்றாகத் தொழில் கற்றவர்கள். வயரைத் தொடும் முன் ஒருவர் "இருக்கா?" என்று கேட்பார். மெயின் சுவிட்சை அணைத்தவர் "இல்ல" என்பார். போன வருடம் ஒரு நாள் அவன் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. மற்றவர் அணைத்திருப்பார் என்று ஆளுக்கு ஆள் நினைத்துவிட்டார்கள். வயரைப் பிடித்த அவன் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு இவருக்கு அழுகை வரவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் தெரிவதில்லை. எட்டைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஒன்று மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிறு சாயங்காலம் மனைவியின் தம்பி வேடிக்கை பார்க்க வந்திருந்தான். சமையலறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, இந்த சுவிட்சுல பொறி பறக்குது. ஊருக்கெல்லாம் ஓடி ஓடிப் பாக்குறீங்க, நம்ம வீட்டை யார் பாக்குறது?"

"இதோ."

பாஸ் போட்டார். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு நடந்தார். போகிற வழியில் கை தானாக நீண்டு மெயினை இறக்கியது. கூடத்தில் ஃபேன் சுற்றி ஓய்ந்தது. டிவி கறுத்துப்போனது.

"மாமா," என்றான் மச்சான், மெதுவாக. "கேம்."

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாளைக்குப் பாத்துக்கலாமே."

"வெண்ணெய் திரளும்போது தாழிய உடைச்சிட்டாரு."

"பழமொழிக்கு மட்டும் உனக்குப் பஞ்சமில்ல. சும்மா இரு."

வயர்மேன் தன் கையைப் பார்த்தார். இப்போதாவது ஏதாவது வரும் என்று நின்று பார்த்தார். எதுவும் வரவில்லை. மணி நாலரை. ஆறு மணிக்குள் முதலிலிருந்து எட்டு வரை போக முடியாது.

சமையலறைக்குப் போய் சுவிட்ச் மூடியைக் கழற்றினார். டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. ஆனாலும் வயரைத் தொடவில்லை.

"இருக்கா?" என்றார்.

கூடத்திலிருந்து மச்சான் சொன்னான். "இல்ல மாமா. எல்லாம் போச்சு."

அவர் வயரைப் பிடித்தார்.