நிற்கிற வேலை

கடையில் வேலை செய்வதை எங்களூரில் ‘நிற்கிறது’ என்றுதான் சொல்வார்கள். யாழ்ப்பாணப் பட்டணத்தில் நான் நின்ற புடவைக்கடையில் அது அப்பட்டமான உண்மை. அங்கே இருந்த ஒரே கதிரை முதலாளியுடையது. புதிதாக வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் நான்தான் சீலை மடிக்கப் பழக்குவேன். கை பழகுவதற்குள் கால் வீங்கி, அவள் வராமல் விட்டுவிடுவாள். பிறகு இன்னொருத்தி, மறுபடி முதல் மடிப்பு. சீலையைக் கண்டாலே எனக்கு வெறுத்தது.

முதலாளி கதிரையில் சாய்ந்துகொண்டு, “நாட்டுப் பிரச்சினை. ஒருத்தரும் நிக்கினமில்லை,” என்று வருகிறவர்களிடமெல்லாம் புலம்புவார்.

ஒருநாள் சீலை வாங்க வந்த குருநகர் மீன்காரி சொன்னாள்: “இருக்க ஒரு நீட்டு மரவாங்கு போட்டுப் பாருங்கோ முதலாளி, நிப்பினம்.”

அடுத்த கிழமையே வாங்கு வந்தது, சீலை வாங்க வருகிறவர்கள் இருப்பதற்கு. காலையில் அதைத் துடைக்கவும் ஒவ்வொரு புதுப் பெண்ணுக்கும் நான்தான் பழக்கினேன்.