பொறி வராத பின்னேரம்

என் மகள் அழுதால் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். பிறகு வயிறு, பிறகு காது. எல்லாம் சரியாக இருந்தாலும் எதையோ பார்க்காமல் விட்டுவிட்டேனோ என்று மறுபடி நெற்றியிலிருந்து தொடங்குவேன். பிழையை வரிசை குலையாமல் தேட வேண்டும் என்பது அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அவர் தேடியது காரில்.

ஊர்காவற்றுறையில் அப்பா ஒரு பழைய காரை வாடகைக்கு ஓடினார். அது அவரைவிட மூத்தது. மற்ற ஊர்க் கார்களுக்கு என்ன நோய் வருத்தம் வருமோ தெரியாது, எங்களுடையதற்கு உப்புக்காற்றுத்தான் வருத்தம். எஞ்சினின் பக்கத்தில் மூடி போட்ட ஒரு உருண்டைப் பெட்டி இருக்கும். அதற்குள் இரண்டு சின்ன உலோக முனைகள். பொயின்ற் என்பார்கள். அவை தொட்டும் விலகியும் வேலை செய்தால்தான் பிளக்கில் பொறி வரும். உப்புப் படிந்தால் வராது. அதனால் கார் மறுத்த நாட்களில் அப்பா முதலில் பொயின்றைத்தான் பார்ப்பார். பழைய கலியாண அழைப்பிதழ் அட்டையை மெல்லிய கீற்றாக வெட்டி, முனைகளுக்கு நடுவே செருகி இழுத்துத் துடைப்பார்.

எனக்கும் ஒரு பதவி இருந்தது. ஒரு பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் கிடத்திவிட்டு அப்பா முன்னால் நின்று ஹாண்டிலைச் சுற்றுவார். பொறி வருகிறதா என்று பார்த்துச் சொல்வது நான். அந்தப் பதவியில் எனக்கு மிகுந்த கர்வம்.

அக்கா கனடாவுக்குப் போகும் நாளில் எனக்கு ஒன்பது வயது. மாப்பிள்ளையை அவள் படத்தில் பார்த்திருந்தாள், தொலைபேசியில் கேட்டிருந்தாள். சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பியான மாமா, முடிவு செய்தவர் அம்மா. பயணத்துக்குச் சில நாட்களுக்கு முன், கார்க் கொட்டிலில் அக்கா அப்பாவிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

"அப்பா, நான் போகாட்டில் என்ன?"

அம்மாவோடு கதைக்கிறேன் என்றார் அப்பா. கதைத்ததாக எனக்குத் தெரியவில்லை. அம்மாவோடு அப்படிக் கதைக்கக்கூடியவர் அல்ல அவர்.

யாழ்ப்பாணத்தில் கொழும்பு பஸ்ஸைப் பிடித்தால்தான் மறுநாள் விமானம். அக்காவைக் கூட்டிப்போக மாமா வந்திருந்தார். பெட்டிகள் ஏறின, அக்கா பின்சீற்றில் ஏறினாள், கார் ஸ்ராட் வரவில்லை.

அப்பா பொனற்றைத் திறந்தார். எஞ்சின் நன்றாகச் சுற்றியது, பெற்றோல் மணத்தது. நான் என் இடத்துக்குப் போனேன்.

"பொறி வருதோ பிள்ளை?"

"இல்லையப்பா."

அவர் பிளக்கைத் துடைத்தார். வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்தார். அந்த உருண்டைப் பெட்டியின் மூடியைத் திறந்து, உட்புறத்தைத் துடைத்து, அப்படியே மூடினார். பொயின்றைத் தொடவில்லை. அப்பா வரிசை தவறியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அம்மா வாசலில் நின்றாள். "ஊர்ச்சனத்தை எல்லாம் ஏத்தி இறக்கிற கார், சொந்தப் பிள்ளைக்கு மட்டும் படுத்திட்டுது" என்றாள். மாமா மணிக்கூட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

"அத்தான், இனிப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது. வாடகைக்கு வான் ஒண்டு பிடிப்பமே?"

"கொஞ்சம் பொறும். இப்ப சரிவரும்."

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத அக்கா, தேத்தண்ணி கேட்டாள். பின்சீற்றில் இருந்தபடியே பிஸ்கற்றைத் தோய்த்துத் தோய்த்து மூன்று நான்கு தின்றாள். கார் பழுதானதில் இவளுக்குக் கவலையே இல்லையே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

வயர்த்துண்டு எடுக்கவென்று அப்பா கொட்டிலுக்குள் போனார். நான் மூடியின் கிளிப்புகளைத் தட்டிவிட்டு உள்ளே பார்த்தேன். இரண்டு முனைகளுக்கும் நடுவே நகத்தின் அகலத்தில் ஒரு அட்டைக் கீற்று இருந்தது. இழுத்தெடுத்து எல்லோருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்தேன்.

மாமா சிரித்தார். "உவள் எஞ்சினியரா வருவாள்" என்றார். அம்மா என் தலையைத் தடவினாள். அப்பா வந்து கீற்றை வாங்கி, சற்று நேரம் பார்த்து, சட்டைப்பைக்குள் போட்டார்.

"ஓம். துடைச்சிட்டு எடுக்க மறந்துபோனன் போல."

முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. அக்கா பாதித் தேத்தண்ணியோடு கோப்பையை என்னிடம் நீட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா இன்று நன்றாகத்தான் இருக்கிறாள். இரண்டு ஆண்பிள்ளைகள், அன்பான அத்தான். இதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்துவது நானேதான். அந்தக் கீற்றைப் பற்றி அவளிடம் கேட்க வாயெடுத்து, பிறகு பனியைப் பற்றிக் கேட்டுவிடுவேன். அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். மறதிதான் என்றார். இருக்கலாம். மகளை அனுப்பும் நாளில் யாருக்கும் கவனம் சிதறும். ஆனால் மறந்தவர் ஏன் அந்த இடத்தை மட்டும் தேடாமல் விட்டார் என்றும் யோசிக்கிறேன்.

பஸ் புறப்பட்ட பிறகு அம்மா யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் தங்கிவிட, அப்பாவும் நானும் மட்டும் திரும்பினோம். இருட்டத் தொடங்கும் மைமல் பொழுது. மண்டைதீவை நெருங்கும்போது, இரண்டு பக்கமும் கடல் இருந்த இடத்தில், அப்பா காரை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். ஸ்ராட் வராதோ என்று பயந்து கேட்டேன்.

"வரும். கொஞ்சம் இருப்பம்."

அவர் ஸ்ரியரிங்கில் கைவைத்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் போய் பொனற்றுக்குப் பக்கத்தில் தயாராக நின்றேன். அவர் கூப்பிட்டால் பொறி வருகிறதா என்று உடனே பார்த்துச் சொல்ல வேண்டுமல்லவா. ஒரு பிழையும் இல்லாத காரையும் ஒருவர் நடுவழியில் நிறுத்தி வைத்திருக்கக்கூடும் என்று எனக்கு அப்போது தெரியாது.